வேர்க்கிற தரை

கறை தேய்க்க மஞ்சுளாவுக்குத் தெரிந்த அளவுக்கு நாமக்கல் மோகனூர் சாலையில் வேறு ஒருத்திக்கும் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. தேய்ப்பதில் என்ன பெருமை வேண்டிக் கிடக்கிறது? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தேய்த்துக்கொண்டே இருக்கிறாள், அவ்வளவுதான். சட்டையில் கிரீஸ், தலையணை உறையில் கிரீஸ், கதவுத் தாழ்ப்பாளில் கிரீஸ். ஒருநாள் உப்பு ஜாடியின் மூடியில்கூட நான்கு விரல் பதிந்திருந்தது. லாரி மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டவளுக்கு மருதாணி எதற்கு, அதுதான் நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு இருக்கிறதே என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். முதலில் அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் அதற்கு நேரமில்லாமல் போய்விட்டது.

அவள் புருஷன் மாதேஸ்வரனின் பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு லாரி நிற்கும், அதைச் சுற்றி ஆள் நடக்கலாம். மேலே தகரம், கீழே காங்கிரீட் தரை, முன்னால் ஒரு ஷட்டர். அதைத் தாண்டினால் வீடு. வீடும் அப்படி ஒன்றும் அரண்மனை இல்லை. ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, அறைக்குள்ளேயே கக்கூஸ். வருகிற ஆள் யாராக இருந்தாலும் பட்டறைத் தரையை மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

கியர்பாக்ஸ் வேலை என்றால் மாதேஸ்வரன் கை படவேண்டும் என்று காத்துக் கிடந்த டிரைவர்கள் உண்டு. அவர் பகல் முழுக்க வண்டிக்கு அடியில்தான் கிடப்பார். யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது லாரிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்கள். மஞ்சுளா அந்தப் பாதங்களோடுதான் பாதிக் குடும்பம் நடத்தினாள். கரண்ட் பில் கட்டியாச்சா என்று பாதத்தைக் கேட்பாள். கட்டை விரல் ஆடினால் கட்டியாச்சு என்று அர்த்தம். சாப்பிட வருகிறீர்களா என்பாள். விரல் ஆடும். ஆடாவிட்டால் தூங்குகிறார், தொந்தரவு செய்யக் கூடாது. அடியில் படுத்தபடியே குட்டித் தூக்கம் போடுவது அவர் வழக்கம்.

போன வருஷம் பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் அவள் காப்பி டம்ளரைக் கொண்டுபோய்ப் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "காப்பி வெச்சிருக்கறேன்" என்றாள். விரல் ஆடவில்லை. தூங்குகிறாராக்கும் என்று போய்விட்டாள். கழுவிப் போடலாமென்று டம்ளரை எடுக்கத் திரும்பி வந்தபோது காப்பி அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. பாதம் இருந்த இடத்தில் இருந்தது. தொட்டாள். சில்லென்றிருந்தது.

அவரிடம் வேலை பழகிய கலைமணிதான் வண்டிக்கு அடியிலிருந்து இழுத்து, காரில் போட்டு, ஈரோட்டுக்குக் கொண்டுபோனான். பிழைத்தது மறுபிறப்பு. நெஞ்சுக்குழாயில் அடைப்பு, உள்ளே கம்பி வைத்தார்கள். கனம் தூக்கக் கூடாது, குனிந்து நிமிரக் கூடாது, வண்டிக்கு அடியில் படுக்கிற பேச்சே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த மஞ்சுளா, பிழைத்து வந்தால் போதும், இனி அந்தத் தரையில் இந்த மனுஷனைப் படுக்க விடமாட்டேன் என்று மனசுக்குள் முடிந்துகொண்டாள்.

அந்தக் கறையும் அன்றைக்கு வந்ததுதான். ஆயிலை வடிக்கத் திருகாணியைக் கழற்றிய கையோடு அவர் மயங்கியிருக்கிறார். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் ஓடிய பிறகு, கேட்பாரில்லாமல் ஆயில் முழுக்க ஒழுகித் தரையில் தேங்கிக் கிடந்தது. அவர்கள் ஈரோட்டில் கிடந்த அத்தனை நாளும் தரை அதைக் குடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் நடு மத்தியில் கறுப்பாக ஒரு வட்டம், முறம் அகலத்துக்கு.

அதற்கப்புறம் பட்டறை இல்லை. ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றையும் கலைமணி பைபாஸில் புதிதாகப் போட்ட பட்டறைக்கு எடுத்துப் போனான். மாதேஸ்வரன் உள்அறைக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சுளா கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போனாள். விடிந்ததும் போனால் மத்தியானம் தாண்டி வருவாள். முழங்கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். வந்து, சோறாக்கி, மாத்திரை கொடுத்து, துவைத்துப் போட்டுப் படுத்தால் தூக்கம் என்று தனியாக ஒன்று வராது. அசதிதான் ஆளைச் சாய்க்கும்.

இந்தக் கறையை அவள் அப்படியே விட்டிருப்பாள். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் மகள் வித்யாவுக்கு ஏழாம் மாசம் வந்துவிட்டது.

வித்யாவைக் குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கிற வீட்டில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை செந்தமிழன் சாது. மாமியார் ராஜம்மாள் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத ஆள். வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் வாயால் கொட்டிவிடுவதுதான் கஷ்டம். வளைகாப்பன்று, பந்தலில் நாலு பேர் பார்க்க, மஞ்சுளாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏனுங்க சம்மந்தி, புள்ளைக்கு இப்பவே டீசல் வாடை பட்டாக் கொமட்டுது. உங்க ஊட்டுக்குள்ள காலு வெக்கறதே ஆயில்லதான். பச்சக் கொழந்தையக் கொண்டாந்து எங்க போடுவீங்க? நான் ஒருக்கா வந்து பாத்துட்டுத்தான் அனுப்புவனுங்க."

தப்பாகச் சொன்னாள் என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆனாலும் மஞ்சுளாவுக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது அவர்கள் ஜனத்தில் பேசி முடிவு செய்கிற விஷயமே இல்லை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் மகளை அழைத்து வரவேண்டும். அழைத்து வர வக்கில்லாதவள் என்று ஆகிவிட்டால் அப்புறம் எந்தப் பந்தலில் போய் எந்த முகத்தோடு உட்காருவது? அது கிடக்கட்டும். ஒற்றை மகள். வலி எடுக்கும்போது பக்கத்தில் அம்மா இருக்க வேண்டாமா? பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். மாதேஸ்வரன் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார்.

உள்அறையைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அங்கே அவர் கட்டில் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, பக்கத்திலேயே கக்கூஸ். நோயாளியை எழுப்பி வேறெங்கே போடுவது? பட்டறையைத்தான் அறையாக்க வேண்டும் என்று ஒரே முடிவாக இருந்தாள். கலைமணி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். ஷட்டருக்குப் பெயிண்ட் அடித்து, உள்பக்கம் திரை தொங்கவிட்டு, மேலே புது ஃபேன் மாட்டினான். தரையில் ஓரஞ்சாரத்தில் இருந்த பழைய கறையெல்லாம் டீசலும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்க்கத் தேய்க்கப் போயிற்று. நடுவில் இருந்த முறம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

பண்ணையிலிருந்து வந்ததும் தேங்காய்நார் பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். முதலில் மரத்தூளைக் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தாள். அப்புறம் பிளீச்சிங் பவுடர். அது வட்டத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வரம்பு கட்டிக் கறையை இன்னும் எடுப்பாகக் காட்டிற்று. சிமெண்டுத் தூளைத் தூவி வைத்தாள். அது ஒட்டிக்கொண்டு, பிறகு அதைச் சுரண்ட ஒரு பாடு.

நடுவில் ஒரு கூத்து. வெள்ளிக்கிழமையாயிற்றே, என்ன இருந்தாலும் மகள் படுக்கப் போகிற இடம் என்று மஞ்சளைக் கரைத்துத் தரை முழுக்கத் தெளித்தாள். மறுநாள், இன்னும் சூடு இருந்தால் போகும் என்று வாஷிங் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினாள். ஊற்றிய இடமெல்லாம் ரத்தச் சிவப்பாகப் பொங்கிற்று. அவர் விழுந்த இடம், மகள் படுக்கப் போகிற இடம், இப்படிச் சிவப்பாகக் காட்டுகிறதே என்று பிரஷைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கட்டிலிலிருந்து மெல்ல எழுந்து வந்து பார்த்த மாதேஸ்வரன், படுக்கையில் விழுந்த பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

"ஏம்புள்ள, ஆரத்தி கரைச்சு வெச்சிருக்கற?"

அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும், சோடா பட்டாலும் சிவக்கும். ஊரில் எத்தனை கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்த கை. அசந்துபோன புத்திக்கு அது எட்டவில்லை. சிரிப்பு வரவில்லை, சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று தரையைப் பார்த்தார்.

"அது மேல நிக்கற கறை இல்ல மஞ்சு. தரை குடிச்சிருக்குது. வேர்க்கத்தான் செய்யும்" என்றார்.

"வேர்த்தா வேர்க்கட்டும். நானுந்தான் வேர்த்துட்டுக் கெடக்கறேன்" என்றாள் அவள்.

பண்ணையில் கூட வேலை செய்கிற அத்தாயி ஒரு வழி சொன்னாள். ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கை அரைத்து மாவு எடுத்த பிறகு சக்கை மிஞ்சுமே, திப்பி, மாட்டுக்குக் கூட வைப்பார்களே, அதைக் காயவைத்து எண்ணெய்மேல் கொட்டினால் உறிஞ்சிவிடும் என்றாள். மஞ்சுளா முட்டை வண்டிக்காரனைக் கெஞ்சி ஒரு மூட்டை கொண்டுவரச் செய்தாள். மண்ணெண்ணெயில் பிசைந்து, தோசை மாதிரி கறைமேல் தட்டி, தீவனச் சாக்கைப் போட்டு மூடினாள். மறுநாள் சாயங்காலம் பெயர்த்து எடுத்தபோது திப்பி கருகருவென்று இருந்தது, தரை வெளுத்திருந்தது. அவள் உச்சி குளிர்ந்துவிட்டது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் ஆமாம், போய்விட்டது என்றார்.

காலையில் எழுந்து விளக்கைப் போட்டால் கறை பழையபடி உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.

மறுபடி திப்பி, மறுபடி சாக்கு. சாயங்காலம் வெளுக்கும், விடியும்போது கறுக்கும். இந்த விளையாட்டு இப்படியே நடந்தது. மனுஷியாகப் பிறந்தவள் எத்தனை தடவைதான் முட்டி போடுவாள்? ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் சாக்கைப் பெயர்த்தவள், பிரஷை வீசிவிட்டுத் தரையிலேயே கால்களை நீட்டி உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"நாளைக்கும் வந்துதுன்னா நான் உட்டுட்டேன். அவ அங்கயே பெத்துக்கட்டும். பெத்தவளுக்குக் குடுப்பினை இல்லைன்னு நெனச்சுக்கறேன்."

உள்ளே கட்டிலிலிருந்து சத்தமில்லை. அவர் தூங்குகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

அடுத்த நாள் காலையில் தரை வெளுப்பாக இருந்தது. அவளால் நம்ப முடியவில்லை. குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பிசுக்கு இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவள் பண்ணைக்குப் போகும்போது நடை கொஞ்சம் நிமிர்ந்திருந்ததாக அத்தாயியே சொன்னாள். ஒன்றே ஒன்று மட்டும் அவளுக்கு இடித்தது. துவைக்க எடுத்தபோது மாதேஸ்வரனின் துண்டில் ஆயில் வாடை அடித்தது. கேட்டாள். பழைய வாடை போகாமல் கிடக்கும் என்றார் அவர். இந்த வீட்டில் எதில்தான் ஆயில் வாடை இல்லை? அவளும் அதற்குமேல் கிளறவில்லை. கிளறத் தெம்பும் இல்லை. ராஜம்மாளுக்குப் போன் போட்டு, வந்து பாருங்கள் சம்மந்தி என்று சொன்னபோது அவள் குரலே வேறாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். மஞ்சுளா பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டாள். காலையில் தரை பளிச்சென்றுதான் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கை சும்மா இருக்குமா? வருகிறவர்கள் கண்ணில் தூசிகூடப் படக் கூடாது என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி இன்னொரு தடவை தரை முழுக்கக் கழுவிவிட்டாள். மாதேஸ்வரன் கதவோரம் வந்து நின்று, வேண்டாம் புள்ள, போதும் என்றார். அவர் சொல்லி அவள் என்றைக்குக் கேட்டாள்? ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள். நல்ல சேலை கட்டிக்கொண்டாள். வெயில் ஏறி, சூட்டில் மேலே தகரம் படபடவென்று சத்தம் போட ஆரம்பித்தது.

காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ராஜம்மாளும் செந்தமிழனும் ஷட்டரைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். மாதேஸ்வரன் பட்டறை நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து, வேட்டியை விரித்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி.

"வாங்க சம்மந்தி, வாங்க மாப்பிள்ளை" என்றார், உட்கார்ந்தபடியே.

மஞ்சுளாவுக்குத் தூக்கி வாரிப்போட்டது. கொங்கு நாட்டில் வீட்டுக்கு வந்தவனை, அவன் பால்காரனாக இருந்தாலும், எழுந்து நின்று 'வாங்க' என்று கேட்காவிட்டால் அவன் படியேற யோசிப்பான். பெண்ணைக் கொடுத்த இடத்துச் சம்மந்தியம்மாள் வந்து நிற்கிறாள், இவர் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். கண்ணைக் காட்டினாள். கையை அசைத்துக் காட்டினாள். அவர் இவளைப் பார்க்கவே இல்லை, எதிரே சுவரைப் பார்த்தார். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

ராஜம்மாள் நின்றபடியே சுவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மேலே புது ஃபேனைப் பார்த்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். சொன்னதில் உயிர் இல்லை. உட்காரச் சொல்லி மஞ்சுளா மறு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இல்லை, நேரமாகிறது என்றாள் ராஜம்மாள். மஞ்சுளா காப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். வருகிற வழியில் குடித்துவிட்டோம் என்றாள். செந்தமிழன் அம்மாவையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடத் தொடாமல் போகிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று மஞ்சுளாவுக்குத் தெரியாதா?

"வாரமுங்க. புள்ளைய அனுப்பறதப் பத்திப் பொறவு பேசிக்கலாமுங்க" என்று ராஜம்மாள் படியிறங்கினாள். அப்போதும் அவர் எழவில்லை.

காரின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் மஞ்சுளா அவர் பக்கம் திரும்பினாள். இத்தனை நாள் முட்டி தேய்ந்ததெல்லாம் ஒரு நிமிஷத்தில் மண்ணாய்ப் போயிற்றே என்ற ஆத்திரம்.

"ஒரு நிமிசம் எந்திரிச்சு நின்னா உசுரா போயிரும் உங்களுக்கு?"

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. அவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். எழுந்து ஒரு அடி தள்ளி நின்றார்.

நாற்காலிக்கு அடியில் கறை இருந்தது. காலையில் ஊற்றிய வெந்நீருக்கும் தகரத்துச் சூட்டுக்கும் ஆயில் கசிந்து ஏறி, பழையபடி முறம் அகலத்துக்கு மினுமினுத்தது. அவர் பாதம் இருந்த இடத்தில் துண்டு மடித்துக் கிடந்தது. மேல்பக்கம் வெள்ளை, அடியில் சொட்டச் சொட்டக் கறுப்பு. பாதத்து அடியெல்லாம் கறுப்பு.

மஞ்சுளா துண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். விடியலில் வெளுத்துக் கிடந்த தரையெல்லாம் அவள் கண்முன் வந்து போயிற்று.

"தெனமும் நீங்கதான் தொடச்சீங்களா?"

"நீ அழுதியே அன்னைக்கு" என்றார் அவர். "நீ எந்திரிக்கறதுக்கு முன்ன ஒரு ஓட்டு ஓட்டிருவேன். குனியல, உக்காந்துதான் தொடச்சேன்."

அவள் செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் தார் ரோடு காலைச் சுட்டது. கார் கொஞ்சம் தள்ளி ஒரு பேக்கரி முன்னால் திரும்பக் காத்து நின்றது. முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ, போய் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். ராஜம்மாள் கண்ணாடியை இறக்கினாள்.

"அவரு உங்கள மதிக்காம உக்காந்திருக்கலீங்க. கறை மறுக்காவும் வந்திருச்சுங்க. அதைய மறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு."

சொன்னதும் அவளுக்கு மூச்சு வாங்கிற்று. இனி வித்யா வரமாட்டாள் என்று நன்றாகத் தெரிந்துதான் சொன்னாள். கறை போகவில்லை என்று அவள் வாயாலேயே ஒத்துக்கொண்டாயிற்றே. ஆனால் அந்த மனுஷனை மரியாதை தெரியாதவர் என்று ஒருத்தி நினைத்துக்கொண்டு குமாரபாளையம் வரை போவதை அவளால் பொறுக்க முடியவில்லை. ராஜம்மாள் அவள் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். மகனைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு மஞ்சுளாவோடு நடந்தே வந்தாள்.

மாதேஸ்வரன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். ராஜம்மாள் தலையைக் கண்டதும் கையைக் கூப்பி, "வாங்க சம்மந்தி" என்றார், இப்போது முறையாக, நின்றபடி. ராஜம்மாள் கறையைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், அவர் பாதத்தைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிற்று.

"இதுக்காகவா என்னைய நிக்க வெச்சுட்டு நீங்க உக்காந்திருந்தீங்க?" என்றாள். அப்புறம் மஞ்சுளா பக்கம் திரும்பி, அந்தக் காப்பி இருக்கிறதா என்று கேட்டாள். ஆறிப்போய்விட்டது, வேறு போட்டுத் தருகிறேன் என்றாள் மஞ்சுளா. ஆறினதே போதும் என்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, காலைக் கறைமேல் வைத்துக்கொண்டு, ஒரே மடக்கில் குடித்து முடித்தாள். டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்அறைக் கதவைப் பார்த்தாள்.

"அந்த ரூமு நல்லாத்தான இருக்குது. கதவைச் சாத்துனா வாடையும் வராது. புள்ளைய அங்க படுக்க வெச்சுட்டு நீங்க ரெண்டு பேரும் இங்க படுங்களே. ஆயில் உங்களுக்கென்ன புதுசுங்களா?"

இவ்வளவுதான். இத்தனை நாளாக ஒருத்திக்கும் தோன்றாத யோசனையா இது? மஞ்சுளாவுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றவிடாமல் அமுக்கி வைத்திருந்தாள். அது ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இப்போது சொன்னாள்.

"இந்த எடத்துலதானுங்க அவரு உழுந்தது. நான் வந்து காப்பி வெச்சுட்டுப் போனனுங்க, தூங்கறாருன்னு. மறுக்கா அவரு காலு இங்க நீட்டிட்டுக் கெடக்கறதைய என்னால பாக்க முடியாதுங்க."

மேலே தகரம் வெயிலுக்குப் படக் படக்கென்றது. மாதேஸ்வரன்தான் தொண்டையைச் செருமினார்.

"கட்டிலு மேலதான மஞ்சு படுக்கப் போறேன். தரையிலயா?"

ராஜம்மாள் எழுந்தாள். புதன்கிழமை நல்ல நாள், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வாருங்கள், பெண்ணை அனுப்பி வைக்கிறேன் என்றாள். எலுமிச்சைச் சாதத்தில் மட்டும் காரம் குறைவாகப் போடுங்கள் என்று கார் வரை சொல்லிக்கொண்டே போனாள்.

வித்யா வந்தாள். உள்அறையில் ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு, அம்மா கையால் ரசம் வேண்டும், புளிச்ச மாங்காய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலைத் தூக்கிப் பட்டறையில் கறைக்கு நேர் மேலே போட்டார்கள். பக்கத்தில் மஞ்சுளாவுக்குப் பாய். முதல் நாள் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிகிற நேரத்தில் கண் அசந்து, விடிந்த பிறகு பதறி எழுந்தாள்.

எழுந்ததும் பழக்கத்தில் கட்டிலடியைத்தான் குனிந்து பார்த்தாள். கறை வேர்த்து ஏறியிருந்தது. பிரஷ் மூலையில் கிடந்தது. எடுக்கலாமா என்று நினைத்தாள். உடம்பு வணங்கவில்லை. கிடந்துவிட்டுப் போகட்டும் என்று சமையற்கட்டுக்குப் போய்க் காப்பி போட்டு எடுத்து வந்தாள்.

வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கட்டில் நீளம் போதவில்லை. போர்வைக்கு வெளியே அவர் பாதம் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நகக்கண்ணில் பழைய கறுப்பு. முகம் போர்வைக்குள்.

டம்ளரைப் பாதத்துக்குப் பக்கத்தில் கட்டில் சட்டத்தில் வைத்தாள். கொஞ்சம் சிந்திற்று.

"காப்பி வெச்சிருக்கறேன்."

பாதம் அசையவில்லை. தூங்குகிறாராக்கும் என்று போக அவளால் முடியுமா? நின்றாள். தொட்டுப் பார்க்கவும் பயம்.

"ஏனுங்க. காப்பி."

கட்டை விரல் ஆடிற்று.

மஞ்சுளா அப்படியே கட்டிலோரத்தில் சரிந்து, கசிந்து கிடந்த அந்தக் கறைமேலேயே உட்கார்ந்தாள். நேற்றுத் துவைத்த சேலைதான். போகட்டும், தேய்த்துக்கொள்ளலாம்.